தண்டவாளம் போனது, பாதை நின்றது

பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் செல்லும் நம் குடியிருப்பினருக்கு ஒரு யோசனை: ஒரு காலை நேரத்தைப் பழைய ரயில் பாதைக்கு ஒதுக்குங்கள்.

கிங் ஆல்பர்ட் பார்க் எம்.ஆர்.டி. நிலையத்துக்கு அருகில் இருக்கிறது புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932-ல் திறக்கப்பட்ட சிறு செங்கல் கட்டடம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே வரும் வண்டிகள் இங்கேதான் விலகிக்கொள்ளும். டோக்கன் கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை!

இந்தப் பாதை மலேசிய ரயில்வேயுடையது. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி கிளம்பியது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூர் வசமானது. நகருக்குள் 24 கிலோமீட்டர் நீள நிலம். துண்டு போட்டுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். ஆனால் 2010-லேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், பாதையை அறுக்காமல் பசுமை வழியாக விடும்படி ஒரு திட்டத்தை முன்வைத்திருந்தது. மக்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அரசு ஏற்றுக்கொண்டது.

பெரும்பாலான தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. ஒன்று நிலையத்தின் அருகே. மற்றது வடக்கே, ரயில் மால் பக்கம். இரண்டுக்கும் இடையே நடக்கலாம். ரயில் ஓடிய பாதை என்பதால் மூட்டுவலிக்காரர்களைப் பயமுறுத்தும் ஏற்றம் இல்லை. முடிவில் ஹில்வியூ நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம். தண்ணீரும் குடையும் மறக்க வேண்டாம்.

நிலம் கைமாறும் முன்பே கேட்டார்கள், கிடைத்தது. நம் வளாகத்துப் பொது இடங்களைப் பற்றிப் பேசும்போதும் இதை நினைவில் வைப்போம்.