நாடக விழாவில் டீன் ஏஜ் பசங்களே ஹீரோ: லண்டன் ‘கனெக்‌ஷன்ஸ்’ எப்படி நடக்கிறது?

பள்ளி நாடகத்தில் மரமாக நின்றவர்களுக்குத் தெரியும் அந்த வலி. வசனம் கிடையாது, அசையவும் கூடாது. நல்ல வேஷமெல்லாம் டீச்சருக்குப் பிடித்த நாலு பேருக்குப் போயிருக்கும். பெரிய நாடக விழாக்களிலும் பல நேரம் இதே நிலைமைதான். மாணவர்களை பஸ்ஸில் அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். கை தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பிரிட்டனில் 1995-ல் தொடங்கிய ஒரு விழா இதை மாற்றிப் போட்டது. தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் நேஷனல் தியேட்டர் நடத்தும் ‘கனெக்‌ஷன்ஸ்’. இதில் நடிப்பவர்கள் எல்லாருமே 13 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்கள்.

கதை யார் எழுதுவது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதிய நாடகத்தைச் சுருக்கிக் கொடுப்பதில்லை. பிரபல நாடக ஆசிரியர்களிடம் கேட்டு, இந்த வயதினர் நடிப்பதற்கென்றே ஆண்டுதோறும் சுமார் 10 புது நாடகங்களை எழுதி வாங்குகிறார்கள்.

டென்னிஸ் கெல்லி எழுதிய ‘டிஎன்ஏ’ அப்படி வந்ததுதான். ஒரு பையனுக்கு நேர்ந்த விபரீதத்தை மறைக்கப் பார்க்கும் நண்பர்கள் கூட்டத்தின் கதை. பாத்திரங்களின் பெயரையும், ஆணா பெண்ணா என்பதையும் குழுவே மாற்றிக்கொள்ளலாம் என்று பிரதியிலேயே சொல்லிவிட்டார் கெல்லி. 15 பெண்களும் 2 பையன்களும் இருக்கும் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி, யோசித்துப் பாருங்கள்! இந்த நாடகம் பிறகு ஜிசிஎஸ்இ தேர்வுக்கான பாடநூலாகவும் ஆனது.

எண்டா வால்ஷின் ‘சாட்ரூம்’ இணைய அரட்டையில் ஒரு சிறுவனைத் தற்கொலைக்குத் தூண்டும் பசங்களைப் பற்றியது. 2010-ல் சினிமாவாகவும் வந்தது. ஷர்மன் மெக்டொனால்ட் எழுதிய ‘ஆஃப்டர் ஜூலியட்’ ஜூலியட் இறந்த பிறகு நடப்பதைச் சொல்கிறது. அந்த ஐடியாவைக் கொடுத்தது அவருடைய மகள். அவர் வேறு யாருமில்லை, பின்னாளில் ஹாலிவுட் நடிகையான கீரா நைட்லிதான்!

எப்படி நடக்கும்?

பள்ளிகளும் இளைஞர் நாடகக் குழுக்களும் பதிவு செய்து, ஒரு நாடகத்தைத் தேர்வு செய்கின்றன. குழுவை இயக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் ஒரு வார இறுதிப் பயிற்சி. எழுதியவரே நேரில் வந்து உட்கார்ந்து பேசுவார். அதன்பிறகு பல மாத ஒத்திகை.

முதல் காட்சி சொந்த ஊரில். அதைப் பார்க்க நேஷனல் தியேட்டர் ஓர் இயக்குநரை அனுப்பி, கருத்து சொல்ல வைக்கிறது. அடுத்து, அந்தப் பகுதியில் உள்ள பெரிய அரங்கில் விழா. நடிக்கக் கூச்சப்படும் பசங்களுக்கும் வேலை உண்டு. லைட், சவுண்டு, உடை, மேடை நிர்வாகம் என எதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு குழு என்ற கணக்கில் லண்டன் மேடைக்கு அழைக்கிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் இல்லை. ஆனாலும் கூப்பிடாத குழுவுக்கு வருத்தம் இருக்காதா என்ன?

சிக்கல் எங்கே?

பங்கேற்கக் கட்டணம் உண்டு. அதைவிட முக்கியம், மாலை நேரத்தை ஒதுக்கி ஒத்திகை நடத்தும் ஓர் ஆசிரியர் வேண்டும். இங்கிலாந்து பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடமாக இல்லை. ஆங்கிலப் பாடத்துக்குள்ளேயே அடக்கம். ஜிசிஎஸ்இ-யில் நாடகத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களும் 2010-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். நாடக ஆசிரியரே இல்லாத பள்ளியில் படிக்கும் பசங்களுக்கு இப்படி ஒரு விழா இருப்பதைச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஒவ்வொரு ஆண்டு நாடகங்களும் ஒரே தொகுப்பாகப் புத்தகமாகவும் வருகின்றன. விழாவில் இல்லாத குழுக்களும் முறைப்படி அனுமதி வாங்கி அவற்றை மேடையேற்றலாம்.