வான்வழி அனுமதி பிறந்த கதை

2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை சூலூர் விமானப்படைத் தளத்தின் வானம் ஓயவே இல்லை. பிரான்ஸின் ரஃபேல்களும் ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன்களும் நம் தேஜஸோடு சேர்ந்து பறந்தன. இந்திய விமானப்படை நடத்திய முதல் பன்னாட்டுப் பயிற்சியான ‘தரங் சக்தி’யின் முதல் கட்டம் அது. வந்தவர்கள் எல்லோரும் நட்பு நாட்டுக்காரர்கள். ஆனாலும் டெல்லியின் அனுமதி இல்லாமல் ஒரு விமானம்கூட நம் வான் எல்லைக்குள் வந்திருக்க முடியாது. நட்பு நாடானாலும் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்ற இந்த வழக்கத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு.

அதன் முதல் விதை 1784-இல் பாரிஸில் விழுந்தது. முன் அனுமதி இல்லாமல் பலூன் பறக்கவிடக் கூடாது என்று அந்நகரக் காவல்துறை அந்த ஏப்ரலில் உத்தரவு போட்டது. தீப்பிடித்துவிடும் என்பதுதான் அப்போதைய பயம். 1909-இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து டோவரில் இறங்கியதும் பயம் வேறு வடிவம் எடுத்தது. கடலும் கோட்டையும் இனிக் காவல் ஆகாது என்று அரசுகளுக்குப் புரிந்தது. மறு ஆண்டே பாரிஸில் மாநாடு கூடியது. அயல்நாட்டு விமானங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் தருவது என்பதில் பேச்சு முறிந்து, உடன்பாடு இல்லாமல் கலைந்தது.

முதல் உலகப் போர் அந்த வாதத்தை முடித்துவைத்தது. தலைக்கு மேலிருந்து குண்டு விழுவதைப் பார்த்த பிறகு எந்த நாடும் தன் வானத்தைத் திறந்துபோடத் தயாராக இல்லை. மண்ணுக்கு மேலிருக்கும் வானமும் அந்த மண்ணின் அரசுக்கே உரியது என்று 1919 பாரிஸ் ஒப்பந்தம் எழுதிவைத்தது. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. பயணிகள் விமானங்களுக்கு ஒரு முறை வகுத்தவர்கள் ராணுவம், சுங்கம், காவல்துறை விமானங்களைத் தனியே பிரித்தார்கள். அவை தனி அனுமதி பெறாமல் இன்னொரு நாட்டின் மேல் பறக்கவே கூடாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு.

இந்தப் பிரிவின் நியாயம் கொங்குநாட்டுத் தோட்டக்காரருக்கு உடனே விளங்கும். நம் தோட்டத்து வழியாகப் பங்காளி நடந்து போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரே திருச்செங்கோட்டு ரிக் லாரியை அந்தத் தடத்தில் ஓட்டிவந்தால் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். அவர் போடும் ஆழ்துளைக் கிணற்றால் நம் கிணற்று நீர்மட்டமும் இறங்கலாம். வழி விட்டவருக்கும் விளைவில் பங்கு உண்டு. போர் விமானத்துக்கு வழி விடும் நாட்டுக்கும் அதேதான்.

கூட்டாளிகளுக்குள்ளேயே இதனால் மனத்தாங்கல் வந்திருக்கிறது. 1986 ஏப்ரலில் லிபியாமீது குண்டுவீச இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்க எஃப்-111 விமானங்களுக்கு நேட்டோ உறவான பிரான்ஸும் ஸ்பெயினும் வழி விடவில்லை. பிரிட்டன் மட்டும் தன் தளங்களைத் தந்தது. அட்லாண்டிக் பக்கமாகச் சுற்றி, ஜிப்ரால்டர் நீரிணைக்குள் நுழைந்து, நடுவானில் பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்வர 13 மணி நேரத்துக்கும் மேலானது. அன்று இப்படி இரண்டு பக்கமாக நின்ற மூன்று நாடுகளும்தான் 38 ஆண்டுகள் கழித்து சூலூருக்குச் சேர்ந்து வந்தன. மறுப்பால் அந்தக் கூட்டணி உடைந்துவிடவில்லை.

நமக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1971 பிப்ரவரியில், விமானக் கடத்தலைத் தொடர்ந்து, பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியா வான்வழியை மூடியது. அவை தெற்கே சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயின. ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்க அதே ஆண்டு நாம் ஹெலிகாப்டர் அனுப்பி உதவிய இலங்கைதான் அந்த வசதியைத் தந்தது. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்கள் பம்பாய், ஆக்ரா, சென்னை விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்ப சந்திரசேகர் அரசு இடம் கொடுத்தது. செய்தி வெளியானதும் அரசைத் தாங்கிநின்ற காங்கிரஸே எதிர்த்தது. பிப்ரவரியில் அது நின்றுபோனது.

இந்த அனுமதியின் அருமை சூலூர் மண்ணுக்குத் தெரியும். 1945-இல் அந்தத் தளம் பிரிட்டிஷ் கடற்படையின் எச்.எம்.எஸ். வைரி. அப்போது யாரும் நம்மைக் கேட்டு இறங்கவில்லை, கேட்க வேண்டிய நிலையிலும் நாம் இல்லை. 2024-இல் அதே பிரிட்டனின் விமானங்கள் நம் அனுமதி பெற்று அங்கே இறங்கின. சுதந்திரம் என்றால் இதுவும்தான்.

அப்படிக் கிடைத்த உரிமையைக் கதவை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. 2003 மார்ச் 1 அன்று அமெரிக்கப் படைகளுக்கு இடம் தரும் தீர்மானத்தைத் துருக்கி தன் நாடாளுமன்றத்தில் வைத்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. நடுநிலையாளரையும் சேர்த்துக் கணக்கிட்ட பெரும்பான்மைக்கு மூன்று வாக்கு குறைந்ததால் தீர்மானம் விழுந்தது. நம் வான்வழியையும் தளங்களையும் நாளை ஒரு நட்பு நாடு போருக்குக் கேட்டால், சரி என்றாலும் முடியாது என்றாலும் அது நம் நாடாளுமன்றத்தில் பேசித் தீர்மானித்த பதிலாக இருக்கட்டும். ஏனென்றால் அதன் விளைவைச் சுமக்கப்போவது இந்த மண்ணில் வாழும் நாம்தான்.