ஹெட்லைட்டை மாத்தினா ராத்திரி நல்லா தெரியுமா? ஒரு விளக்கின் நூறு வருஷக் கதை

த்ரெட் கொஞ்சம் நீளம். ராத்திரி வண்டி ஓட்டுபவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

"டாக்டர், கண்ணாடி பவர் ஏறிடுச்சான்னு பாருங்க, நைட்ல ரோடே தெரிய மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் பலர், பேச்சு முடியும்போது இன்னொன்றையும் கேட்பார்கள். "பேசாம வெள்ளை எல்இடி போட்டுடவா? கீழ ரெண்டு ஃபாக் லேம்ப் எக்ஸ்ட்ரா மாட்டிக்கவா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம்ம டெல்டா ரோடு அப்படி. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் நாலடி பள்ளத்தில் வயல். திருவையாறு பக்கம் ஆற்றங்கரையிலேயே ரோடு போகும். தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும், சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். குவித்து வைத்த நெல்லின் மேல் கறுப்புத் தார்ப்பாய். அறுவடை மிஷின் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ராத்திரிதான் போகும். வைக்கோல் ஏற்றிய ட்ரெயிலருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். விடியற்காலையில் மூடுபனி வேறு.

அதனால் 'எனக்கு வெளிச்சம் பத்தல' என்பது பொய்யில்லை. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் பார்வை கூடிவிடுமா? நூறு வருஷமாக உலகமே இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் வந்த மோட்டார் கார்களுக்கு எண்ணெய் விளக்குதான். மாட்டு வண்டிக்கு அடியில் அரிக்கேன் தொங்குமே, ஏறத்தாழ அந்த வெளிச்சம். அடுத்து வந்தது அசிட்டிலீன். கால்சியம் கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அதைக் கொளுத்தினால் பளீரென்று எரியும். ஆமாம், மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். (பழத்துக்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. டாக்டராக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.) 1912ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி மின்சார ஸ்டார்ட்டரும் மின்சார விளக்கும் சேர்ந்த காரை விற்க ஆரம்பித்தது. கார்பைடின் காலம் மெல்ல முடிந்தது.

மின்சார விளக்கு வந்ததும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசியது. அன்றிலிருந்து ஹெட்லைட்டின் வரலாறு ரெண்டு கையால் எழுதப்பட்டது. ஒரு கை வெளிச்சத்தைக் கூட்டும், இன்னொரு கை அதைக் கீழே அமுக்கும்.

நம்ம டிரைவர்கள் 'டிம் அடி', 'டிப் அடி' என்று ரெண்டும் சொல்வார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்று நினைப்போம். உண்மையில் ரெண்டு தனித்தனி உத்திகள். டிம் என்றால் விளக்கின் பவரையே குறைப்பது. ஆரம்பகால அமெரிக்க வண்டிகளில் மின்தடை ஒன்றை நடுவில் போட்டு பல்பை மங்கலாக்கினார்கள். டிப் என்றால் தாழ்த்துவது. 1930களின் பிரிட்டிஷ் கார்களில் சுவிட்சைத் தட்டினால் சாலை நடுப்பக்க விளக்கு அணைந்துவிடும், ஓரத்து விளக்கின் ரிஃப்ளெக்டர் மட்டும் கீழ்நோக்கிச் சாயும். பொறி ரெண்டும் மறைந்துபோச்சு. வார்த்தை ரெண்டும் நம்ம ஊர் டீக்கடையில் இன்னும் உயிரோடு இருக்கு.

இதற்கு நல்ல தீர்வு 1925ல் ஜெர்மனியின் ஆஸ்ரம் கம்பெனியிடமிருந்து வந்தது. பைலக்ஸ் என்று ஒரு பல்பு. உள்ளே ரெண்டு இழை. ஒன்று ஹை பீமுக்கு, இன்னொன்று லோ பீமுக்கு. லோ பீம் இழைக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தகடுக் கிண்ணம். அது கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் ஒளி படும், மேல் பாதியில் பட்டது ரோட்டை நோக்கிக் கீழேதான் இறங்கும். 1971ல் வந்த எச்4 ஹாலஜன் பல்பிலும் இதே கிண்ணம்தான். இன்றைக்கும் ஏராளமான கார்களிலும் பைக்குகளிலும் ஓடுவது இந்த எச்4. அந்தச் சின்னக் கிண்ணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கு.

இப்போது கண்ணுக்கு வருவோம். 1926ல் ஹாலடே என்ற அமெரிக்கரும், 1929ல் ஸ்டைல்ஸ் என்ற ஆங்கிலேயரும் கண்கூச்சத்தை அளந்து பார்த்தார்கள். எதிரே வரும் ஒளி கண்ணுக்குள் நுழையும்போது லென்ஸிலும் மற்ற பகுதிகளிலும் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளி விழித்திரை முழுக்க ஒரு வெள்ளைத் திரை மாதிரி படர்ந்துவிடும். அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் மங்கலான பொருள், அதாவது லைட் இல்லாத சைக்கிள், கறுப்புத் தார்ப்பாய், நம் கண்ணில் படாமலே போய்விடும். விளக்கு நம் பார்வைக்கோட்டுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மோசம். கோணம் பாதியானால் திரையின் அடர்த்தி ஏறத்தாழ 4 மடங்கு.

இதை நம்ம ரோட்டில் வைத்துப் பாருங்கள். நாலு வழிச் சாலையில் நடுவே மீடியன் இருக்கு. எதிர் வண்டி உங்களுக்கு வலப்பக்கம் 8 மீட்டர் தள்ளி வருகிறது என்று வையுங்கள். அம்மாபேட்டை, நீடாமங்கலம் பக்கக் கிராமத்து ரோட்டில் அதே வண்டி 2 மீட்டர் தள்ளி வரும். அதே விளக்கு, அதே 50 மீட்டர் தூரம். கோணம் கால் பங்காகிறது, கூச்சத்திரை ஏறத்தாழ 16 மடங்கு. எக்ஸ்பிரஸ்வேயில் யாரோ போட்டு ஓட்டும் வீடியோவைப் பார்த்து வாங்கிய விளக்கு, வாய்க்கால் கரை ரோட்டில் வேறு பொருளாகிவிடுகிறது.

வயசும் சேர்ந்துகொள்ளும். இளம் கண்ணோடு ஒப்பிட்டால் 65 வயதில் கண்ணுக்குள் ஒளி சிதறுவது ஏறத்தாழ ரெண்டு மடங்கு. கண்புரை தொடங்கியிருந்தால் இன்னும் அதிகம். 25 வயசுத் தம்பி "ஒண்ணும் பெருசா கூசலையே" என்பது அவன் கண்ணுக்கு உண்மை. எதிரே சைக்கிளில் வரும் அவன் தாத்தா வயசுக்காரருக்கு அந்த நேரத்தில் ரோடே இல்லை.

வெளிச்சம் கடந்த பிறகும் கண் உடனே திரும்பாது. பாப்பா சுருங்குவது சட்டென்று நடக்கும், விரிவது நிதானமாகத்தான். இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களில் ஒளியால் வெளுத்துப்போன ரோடாப்சின் முழுக்க மீண்டு வர 30 நிமிஷம் வரைகூட ஆகும். ஓட்டுமளவுக்குப் பார்வை சில விநாடிகளில் வந்துவிடும். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரை வண்டி கடக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

சரி, வெளிச்சமே கெட்டதா? அதுவும் இல்லை. 1939 செப்டம்பரில் விமானக் குண்டுக்குப் பயந்து பிரிட்டன் ஊரையே இருட்டடித்தது, ஹெட்லைட்டுக்கு மூடி போட்டது. முதல் மாதமே சாலை மரணங்கள் ஏறத்தாழ ரெண்டு மடங்காயின. இருட்டும் கொல்லும். நம் நாட்டிலும் 1971 போர் சமயத்தில் வடக்கே கார் விளக்குகளுக்குப் பாதி கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள்.

கறுப்பு என்றதும் போலீஸ்காரர்கள் ஹெட்லைட் நடுவே ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் ஞாபகம் வரும். அது திருஷ்டிப் பொட்டு மாதிரிதான், கொஞ்சம் ஒளியை மறைக்கும், அவ்வளவே. ஒளி போகும் திசையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் இழையின் இடமும் அந்தக் கிண்ணமும்.

மாற்றி மாட்டும் கதைக்கு வந்துவிட்டோம். ஹாலஜன் பழகிய பிறகு, அதிக வாட் ஆசை வந்தது. கம்பெனி கொடுப்பது 60/55 வாட். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து 100/90 வாங்கி, ரிலே வைத்துத் தனி ஒயரிங் போடுவார்கள். ரிலே போடாமல் மாட்டியவர்களுக்கு ஹோல்டர் உருகிய வாசனை தெரிந்திருக்கும். இதில் ஒரு நியாயம், கிண்ணம் அதே இடத்தில் இருந்தது.

அடுத்தது செனான். 1991ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. எச்4 லோ பீம் சுமார் 1,000 லூமென் என்றால் 35 வாட் செனான் சுமார் 3,200. இவ்வளவு ஒளியை அப்படியே விடக்கூடாது என்று ஐரோப்பாவில் ரெண்டு நிபந்தனை வைத்தார்கள். வண்டியின் பாரத்துக்கேற்பத் தானாகத் தாழும் அமைப்பு வேண்டும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் பீச்சாங்குழல் வேண்டும். கண்ணாடியில் தூசி இருந்தால் அதுவே ஒளியைச் சிதறடிக்கும் என்பதால். நம் ஊருக்கு வந்த செனான் கிட்டில் பல்பு மட்டும் வந்தது, நிபந்தனை ரெண்டும் கப்பல் ஏறவே இல்லை.

இப்போது எல்இடி. நீல எல்இடியைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014ல் நோபல் கிடைத்தது. வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்த விளக்கு நல்ல விளக்கு, அதில் எனக்குச் சண்டை இல்லை. சிக்கல், எச்4 கூட்டுக்குள் சொருகும் எல்இடி பல்பில். இழை இருந்த ஊசிமுனை இடத்தில் இப்போது ஒரு தகட்டின் ரெண்டு பக்கமும் சிப்கள். இடம் கொஞ்சம் மாறினாலே ரிஃப்ளெக்டருக்குக் கணக்குத் தப்பிவிடும், ஒளி வெட்டுக்கோட்டுக்கு மேலே தெறிக்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் தெரியும், கோடே இருக்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. லோ பீமின் வெட்டுக்கோடு நம் நாட்டில் இடப்பக்கம் லேசாக மேலே ஏறும், ஓரமாக நடப்பவர் தெரிவதற்காக. வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்கில் இது தலைகீழ். ஆன்லைனில் மலிவாக அதை வாங்கி மாட்டினால், ஓரத்தில் நடப்பவர் இருட்டில், எதிரே வருபவர் கண்ணில் நேராக வெளிச்சம்.

மாட்டியவருக்காவது லாபமா என்றால், அதுவும் பாதிதான். பானெட்டுக்கு முன்னால் பத்து மீட்டர் பகல் மாதிரி ஆனதும் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ட்ரெயிலர் முன்னைவிட மங்கலாகத் தெரியும். 'செமையா தெரியுது' என்ற உணர்வு மட்டும் கூடும், கூடவே வேகமும்.

ஃபாக் லேம்ப் பற்றிச் சுருக்கமாக. பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிகளில் பட்ட ஒளி உங்களிடமே திரும்பி வருகிறது. அதனால்தான் ஃபாக் லேம்பைத் தாழ்வாக வைத்து, அகலமாக, தட்டையாக விரிய விடுகிறார்கள். பக்கத்து ரோட்டு ஓரம் தெரியும், மெதுவாகப் போகலாம், அவ்வளவுதான் அதன் வேலை. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பதில் பெரிய உண்மை இல்லை. பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரிது, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் குறைவாக இருப்பதால் கண்ணுக்கு இதமாகத் தோன்றும். பிரான்ஸ் 1930களின் கடைசியிலிருந்து 1993 வரை எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக வைத்திருந்தது. பனி இல்லாத ராத்திரியில் ஃபாக் லேம்பை எரியவிட்டு ஓட்டுவது கூச்சத்தை மட்டுமே கூட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106வது விதியைத் தேடிப் படியுங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. 1.5 மீட்டர் என்பது ஏறத்தாழ சைக்கிள் மிதித்து வருகிறவரின் கண் உயரம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் விதிமீறி மாற்றினால் 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம்.

விபத்துப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்கு ரெண்டு வாக்கியம் மனப்பாடம். "இருட்டுல தெரியலைங்க." "லைட் அடிச்சு கண்ணு கட்டிடுச்சுங்க." முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் நாலு சக்கரத்தில் வந்தவர். ரெண்டாவதைச் சொல்பவர் ரெண்டு சக்கரம், அல்லது நடை.

அப்போ என்னதான் செய்வது? முதல் செலவு ஒரு ஈரத்துணி. நெல் வயல் ஓரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் விளக்கு முழுக்கப் பூச்சி. அதைத் துடையுங்கள். முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள், அங்கே படிந்த மங்கல்தான் எதிர் ஒளியை நட்சத்திரமாக்குகிறது. பழைய காரில் விளக்கு மூடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடுங்கள். பல்பு பழசானால் அதே வாட்டில் நல்ல பல்பாக மாற்றுங்கள்.

50 வயதைத் தாண்டியவர்கள் கண்புரை சோதனை செய்துகொள்ளுங்கள். பகலில் பேப்பர் படிக்க முடிகிறது என்பதால் புரை இல்லை என்று ஆகாது, ராத்திரிக் கூச்சம்தான் பலருக்கு முதல் அறிகுறி. ட்ராக்டர் வைத்திருப்பவர்கள் ட்ரெயிலர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள், சாணி, சேறு அப்பினால் துடையுங்கள். பின்னால் வருகிறவன் லோ பீமில் வந்தாலும் அது மின்னும்.

கடைசியாக ஒன்று. பல கார்களில் ஸ்டியரிங் பக்கம் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். பலரும் அதைத் தொட்டதே இல்லை. ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்கானது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊரிலிருந்து ஏற்றிய ரெண்டு மூட்டை அரிசி என்றால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமே ஹை பீம் மாதிரி அடிக்கும். கிளம்பும் முன் அதை 2க்கோ 3க்கோ திருப்புங்கள். மூட்டையை இறக்கியதும் மறக்காமல் 0க்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ரோடு குட்டையாகத் தெரியும்.