ஜப்பானியர் காலத்துத் தபால் முத்திரை

சுங்கை சிப்புட்டுக்கு அணித்தே ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. இன்று அங்கே செம்பனை நிற்கிறது, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அத்தோட்டத்திற் பிறந்து இப்போது ஈப்போ நகரில் வாழும் அன்பர் ஒருவர், ஒரு நாள் பழைய தபால் தலை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். லயத்தைக் காலி செய்தபோது பாட்டியாரின் தகரப் பெட்டியில் கிடைத்த கவர் ஒன்றிலிருந்து, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததாம்.

“இதன்மேல் 18.6.20 என்று முத்திரை இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள். எங்கள் பாட்டனார் கப்பலேறி வந்த புதிதில் எழுதிய கடிதமாக இருக்க வேண்டும்” என்றார் அவர். முகத்திலே பெருமிதம்.

தபால் தலையைப் பார்த்தேன். பேராக் சுல்தான் இஸ்கந்தர் அவர்களின் உருவம் அதில் இருந்தது. எனக்கு உடனே ஐயம் பிறந்தது. எவ்வாறெனில், 1920-இல் பேராக் நாட்டிலே சுல்தான் தலை பொறித்த தபால் தலை வழங்கவே இல்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் நாடுகளுக்கு 1900 முதல் பொதுவான தபால் தலைகளே வழங்கின. பாயும் புலி அவற்றின் அடையாளம். இஸ்கந்தரின் உருவம் தாங்கிய பேராக் தலைகள் வெளிவந்தது 1935-இல்தான். 1935-இல் அச்சான தலையின்மேல் 1920-இல் முத்திரை விழுவது எங்ஙனம்?

உருவத்தின்மேல் கறுப்பு மையில் சில சித்திர எழுத்துகளும் இருந்தன. அன்பர் அதனைச் சீனர் கடை முத்திரை என்று எண்ணியிருந்தார். அது கடை முத்திரை அன்று. ‘மகா ஜப்பான் தபால்’ என்னும் பொருள்படும் ஜப்பானிய மேலச்சு அது.

இங்கே நேயர்கள் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும். ஜப்பானியர் காலத்துத் தலையொன்றில் இரண்டு வேறு குறிகள் இருக்கலாம். ஒன்று மேலச்சு, அது ‘இந்தத் தலை இனி எங்கள் ஆட்சியில் செல்லும்’ என்று சர்க்கார் இட்ட அடையாளம். மற்றொன்று தபால் முத்திரை. அது கடிதம் தபால் நிலையத்தைக் கடந்த நாளில் குமாஸ்தா குத்தியது. மேலச்சு பெரும்பாலும் சதுரமாகவோ வரிவடிவாகவோ இருக்கும். அதில் நாள் இராது. முத்திரை வட்டமாக இருக்கும். ஊரும் நாளும் அதில் உண்டு.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, அம்மாத இறுதிக்குள் ஈப்போவைப் பிடித்தது. கம்பாரில் நாலு நாள் கடும்போர் நடந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்து, அதன் பெயரும் ‘சியோனான்’ என்று மாறியது. புதிய ஆட்சிக்குப் புதிய தபால் தலை அச்சிட நேரமில்லை. ஆதலின் கிடங்குகளிற் கிடந்த பழைய தலைகளை எடுத்து, இராணுவ நிர்வாகத் தபால் துறையின் முத்திரையைக் கையாற் குத்தி விற்றனர். பினாங்கிலோ, ஒகுகாவா, உச்சிபோரி என்னும் இரண்டு அதிகாரிகளின் சொந்த முத்திரைகளே தலைகளின்மேல் விழுந்தன! அதன்பின் அச்சு இயந்திரத்தால் ‘டாய் நிப்பன் 2602 மலாயா’ என்று ஆங்கில எழுத்திலும், பின்னர்ச் சித்திர எழுத்திலும் மேலச்சிட்டனர். சுல்தான் இஸ்கந்தர் 1938-லேயே காலமாகிவிட்டார். ஆயினும் அவர் உருவத்தோடு தலைகள் தொடர்ந்து அச்சிடப்பட்டு வந்தமையால், மறைந்த அரசரின் முகத்தின்மேல் வென்றவன் பெயர் ஏறிற்று. ரப்பர் மரம் சீவுவதும் ஈயக் கப்பலும் படமாக அமைந்த புதுத் தலைகள் 1943-இல்தான் வந்தன. நம் தோட்டத்து மக்களின் தொழில் தபால் தலையில் ஏறியது அவ்வாட்சியிலே. அத்தொழிலாளியின் வயிறு காய்ந்ததும் அவ்வாட்சியிலேதான்.

இனி ஆண்டுக் கணக்கு. 2602 என்பது ஜிம்மு என்னும் முதற் சக்கரவர்த்தி பட்டமேறியதாகச் சொல்லப்படும் கி.மு. 660-லிருந்து எண்ணுவது. 660-ஐக் கழித்தால் 1942 வரும். ஜிம்மு கதையைச் சரித்திரமென்று ஜப்பானிய வரலாற்றறிஞரே இன்று ஒப்புவதில்லை. நம் நாட்டுக் கலியுகக் கணக்கின் உடன்பிறப்பு அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கணக்கே அன்பரை ஏமாற்றியது. ஜப்பானியர் தம் சக்கரவர்த்தி பட்டமேறிய ஆண்டை ஒன்றாகக் கொண்டு எண்ணுவர். ஹிரோஹிட்டோவின் ‘ஷோவா’ ஆண்டு 1926-இல் தொடங்கியது. ஆகவே முத்திரையிலுள்ள ஆண்டோடு 25 கூட்டினால் நம் நூற்றாண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் கிடைக்கும்: 17 என்றால் 1942, 18 என்றால் 1943, 20 என்றால் 1945. இன்னொன்று, அவர்கள் எழுதும் வரிசை ஆண்டு, மாதம், நாள் என்பது. ஆங்கிலேயர் வழக்கத்திற்கு நேர்மாறு. மாதமும் நாளும் மாத்திரம் 1873 முதல் மேல்நாட்டுக் கணக்கே. எனவே 18.6.20 என்பது 1920 ஜூன் 18 அன்று. 1943 ஜூன் 20 ஆகும். நம் பெரியோர் கடிதத் தலைப்பில் ‘சுபானு வருஷம் ஆனி மாதம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் அந்நாளையே குறிக்கும். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு கணக்கு. அறியாதவனுக்கு எல்லாம் வெறும் எண்.

ஊர்ப்பெயரைக் காண்பது சற்றுக் கடினம். ஆட்சி மாறிய தொடக்கத்தில் பழைய ஆங்கில எழுத்து முத்திரைகளையே பயன்படுத்தினர். பின்னர், ஜப்பானில் 1906 முதல் வழங்கிய ‘சீப்பு’ முத்திரையை ஒத்த வடிவமும் வந்தது. வட்டத்தின் குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் நாள், மேலே ஊர், கீழே சீப்புப் பற்கள் போலக் கோடுகள், அல்லது மணி. அந்த மணியும் தோக்கியோ மணியே. மலாயாக் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்தள்ளி வைக்கச் செய்திருந்தனர். ஊர்ப்பெயர் கட்டக்கானா எழுத்தில் இருந்தால் ஈப்போவை எளிதிற் கண்டுகொள்ளலாம்: ‘இ’ ஓரெழுத்து, தலையிலே சிறு வட்டம் தாங்கிய ‘போ’ ஓரெழுத்து, அதன்பின் ஒலியை நீட்டும் ஒரு கோடு. அக்காலத்தில் கிடையாக எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதும் வழக்கம் ஜப்பானியரிடம் இருந்தது. ஆதலின் இருபுறமிருந்தும் படித்துப் பார்க்க வேண்டும்.

அன்பர் கொணர்ந்த தலையில் ஊர்ப்பெயர் இல்லை. முத்திரையின் மேற்பாதி கவரின்மேல் விழுந்திருக்கும். கத்தரிக்கோல் அதனை ஒதுக்கிவிட்டது.

1943 ஜூன் என்று நான் சொன்னவுடன் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் பாட்டனார் சயாம் ரயில் வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. எப்போது போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது” என்றார்.

சயாமில் பான்பொங் முதல் பர்மாவில் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். வெள்ளைக்காரக் கைதிகள் போதாமையால் 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டினர். எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் சென்றதாகக் கணக்கிடுவர். அவருள் பெரும்பாலோர் தமிழர். அந்த ஆனி, ஆடி மழையிலேதான் காலரா முகாம்களை வாரிக்கொண்டு போயிற்று. வெள்ளைக்காரக் கைதிக்கு ‘நான் நலம்’ என்று அச்சிட்ட அட்டையாவது இருந்தது. அவன் பெயரைப் பின்னர்த் தேடிக் கல்லறையிற் பொறித்தார்கள். நம் தொழிலாளியின் பெயரை எழுதி வைத்த ஏடே அரிது. இந்நிலையில் நாளும் ஊரும் தாங்கிய ஒரு கவர் எத்துணைப் பெரிய சாட்சி!

தோட்டத்திற்கெனத் தனி முத்திரை இல்லை. கடிதப் பை அருகிலுள்ள பட்டணத்திற்குப் போகும். முத்திரை அங்கே விழும். வருகிற கடிதத்தைக் கிராணியார் ஆபீசில் பிரித்துக் கொடுப்பார். ஆகவே முத்திரை பட்டணத்தைச் சொல்லும். முகவரி தோட்டத்தைச் சொல்லும். கையெழுத்து ஆளைச் சொல்லும். மூன்றும் ஒரே தாளில் இருந்தால்தான் சாட்சி முழுமை பெறும். தலையை மாத்திரம் வெட்டி எடுப்பவன் மூன்றில் இரண்டைக் குப்பையில் எறிகிறான். நீரில் ஊறவைத்துப் பிரிப்பவனும் அப்படியே.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் காலத்துத் தலைகளுக்கு விலை ஏறியதால், பழைய தலைகளின்மேல் கள்ள முத்திரை குத்தி விற்போர் உளர். மேலச்சு முதலில் விழுந்தது, தபால் முத்திரை பின்னர் விழுந்தது. எனவே முத்திரை மையின்மேல் மேலச்சு ஏறியிருந்தால், முன்னரே செலவான தலையைப் பின்னர் யாரோ ‘ஜப்பானியன்’ ஆக்கினார்கள் என்று கொள்க. நம்மவரிடம் ‘ஆசாத் ஹிந்த்’ தலைகளைக் காட்டி, நேதாஜியின் தபால் என்று சொல்வோரும் உண்டு. அவை ஜெர்மனியில் அச்சானவை. தபாலில் ஒருபோதும் செல்லவில்லை. அவற்றின்மேல் முத்திரை கண்டால், அம்முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் காசு கொடுக்க வேண்டாம்.

அன்பர் அன்று மாலையே சுங்கை சிப்புட்டிலுள்ள தம் தமக்கையார் வீட்டுக்குப் போனார். தகரப் பெட்டியை அங்கேதான் வைத்திருந்தார்கள். கவரின் மிச்சத்தை அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டதாகத் தமக்கையார் சொன்னாராம். பெட்டியின் அடியில் இன்னும் இரண்டு கவர்கள் இருந்தன. அவற்றை வெட்டாமல் அப்படியே கொண்டுவந்தார். ஒன்றில் பாயும் புலி. மற்றொன்றில் போருக்குப் பின் வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் ‘பி.எம்.ஏ. மலாயா’ மேலச்சு. இடையிலுள்ள ஆண்டுகளுக்கு அந்தச் சிறு துண்டு ஒன்றே மிஞ்சியிருக்கிறது.