தானாகப் பூக்கும் கஞ்சா: செடியின் நாள் கணக்கும் சட்டத்தின் வரம்பும்

பகல் பொழுதின் நீளம் எதுவாக இருந்தாலும், முளைத்த சில வாரங்களில் தானாகவே பூக்கும் கஞ்சா ரகங்கள் சில நாடுகளில் சட்ட அனுமதியுடன் வீட்டுக்குள் வளர்க்கப்படுகின்றன. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் தமது வீட்டில் 3 செடிகள் வரை வளர்க்கலாம். இந்தியாவில் அனுமதியின்றி ஒரு செடியை வளர்ப்பதும் குற்றமாகும். பெங்களூரு, கிரேட்டர் நொய்டா ஆகிய இடங்களில் குடியிருப்புகளில் கஞ்சா வளர்த்ததாகப் பலர் கைது செய்யப்பட்டுள்ளனர்.

மறுபுறம், நார் மற்றும் விதைக்காகப் போதைத்தன்மை குறைந்த கஞ்சாவைப் பயிரிட உத்தரகாண்ட் அரசு உரிமம் வழங்குகிறது. ஆய்வகமாயினும் வயலாயினும், செடி எப்போது பூக்கிறது என்பதே அதன் பலனையும் பயிரிடுவோரின் இழப்பையும் தீர்மானிக்கிறது. இது குறித்த ஒரு பார்வை:

தானாகப் பூப்பது ஏன்?

கஞ்சா இயல்பாகக் குறும்பகல் தாவரம். பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும். பிரான்ஸ் தாவரவியலாளர் ஜூலியன் டூர்னுவா 1912-இல் கஞ்சா, ஹாப்ஸ் ஆகிய செடிகளை ஆராய்ந்து, ஒளி பெறும் நேரம் குறைந்தால் அவை விரைவில் பூப்பதைக் கண்டறிந்தார். பகல் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகியோர் 1920-இல் விரிவாக நிறுவினர்.

இந்த விதிக்கு உட்படாத ஒரு வகையை ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924-இல் விவரித்து, 'கன்னாபிஸ் ருடெராலிஸ்' எனப் பெயரிட்டார். கோடை குறுகிய வட நிலங்களில், இரவு நீளும்வரை காத்திருக்கும் செடி விதை முதிர்வதற்கு முன்பே பனியில் மடிந்துவிடும். எனவே அங்கு வளரும் செடிகள் பகல் நீளத்தைப் பாராமல், வயதைக் கொண்டு பூக்கும் தன்மையைப் பெற்றன. இன்றைய தானாகப் பூக்கும் ரகங்கள் பலவும் இந்தப் பண்பைக் கலப்பின முறையில் பெற்றவை. பின்லாந்தில் எண்ணெய் வித்துக்காக உருவாக்கப்பட்ட 'ஃபினோலா' ரகமும் இத்தன்மை கொண்டதே.

வளர்ச்சிப் பருவங்கள்

கஞ்சா செடியின் பருவங்களைப் பதிவு செய்வதற்கான எண் குறியீட்டு முறையை, மெடியாவில்லா உள்ளிட்ட சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டனர். முளைத்தல், தழை வளர்ச்சி, பூத்தலும் விதை உருவாதலும், முதிர்ந்து வாடுதல் என நான்கு முதன்மைப் பருவங்களை அது வகுக்கிறது. தானாகப் பூக்கும் ரகங்களில் இவை அனைத்தும் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களுக்குள் முடிந்துவிடும்.

முளைத்தல்: விதை சில நாள்களில் முளைவிடும். முதலில் வழவழப்பான இரு விதையிலைகள் விரியும். அடுத்து வரும் இலைகளின் ஓரம் ரம்பம் போலிருக்கும்.

தழை வளர்ச்சி: இலைகள் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இணைகளாகத் தோன்றும். ஒரே இதழுடன் தொடங்கும் இலை, அடுத்தடுத்த கணுக்களில் 3, 5 எனப் பிரிவுகள் பெறும்.

பூத்தல்: பெரும்பாலும் 3 முதல் 5 வாரங்களில் தொடங்கும். இணையாக வந்த இலைகள், கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமைவது இதன் முதல் அறிகுறி. கணுக்களில் வெண்ணிற இழைகள் தோன்றினால் அது பெண் செடி. சிறிய உருண்டை மொட்டுகள் தோன்றினால் ஆண் செடி.

முதிர்வு: வெண்ணிற இழைகள் பழுப்பாக மாறும். பூக்களின் மீதுள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகள் தெளிவான நிலையிலிருந்து பால் நிறத்துக்கும், பின்னர் அம்பர் நிறத்துக்கும் மாறும். அடி இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும்.

குறைபாடுகளைக் கண்டறிவது எப்படி?

சிக்கல் செடியின் எப்பகுதியில் தொடங்குகிறது என்பதே முதல் தடயம். நைட்ரஜன், மெக்னீசியம் போன்ற சத்துகளைச் செடி பழைய இலைகளிலிருந்து புதிய இலைகளுக்கு நகர்த்திக்கொள்ளும். ஆகவே இவற்றின் பற்றாக்குறை அடி இலைகளில் முதலில் தெரியும். நைட்ரஜன் குறைந்தால் இலை முழுவதும் வெளிறும். மெக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்புச்சத்தை அவ்வாறு எளிதில் நகர்த்த இயலாததால், அதன் குறைபாடு நுனித் தளிர்களில் தோன்றும். மண்ணில் சத்து இருந்தும் அமில, காரத் தன்மை பொருந்தாவிடில் வேர் அதனை உறிஞ்சாது என்பதால், உரமிடுவதற்கு முன் அதனைச் சோதிப்பது வேளாண் நடைமுறை.

மண் ஈரமாக இருந்தும் இலைகள் தொங்கினால், நீர் மிகுந்து வேருக்குக் காற்று கிடைக்காமல் போயிருக்கலாம். இலை நுனி கருகுவது பெரும்பாலும் உரம் மிகுந்ததைக் காட்டும். நாற்று மெலிந்து நெடிதாக வளர்வது ஒளிக் குறைவின் அடையாளம். காற்றோட்டமற்ற அறையில் சாம்பல் நோயும், ஈரப்பதம் மிகுந்தால் பூக்களில் சாம்பல் நிற அழுகலும் ஏற்படும்.

இந்த அறிகுறிகள் எல்லா ரகங்களுக்கும் பொது. வேறுபாடு கால அவகாசத்தில் உள்ளது. பகல் நீளத்தைச் சார்ந்த ரகம் பாதிக்கப்பட்டால், அறைக்குள் நாளொன்றுக்கு 18 மணி நேரம் ஒளி அளித்து, அது தேறும்வரை தழைப் பருவத்திலேயே நிறுத்தி வைக்கலாம். தானாகப் பூக்கும் ரகத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டாம் வாரத்தில் வேர் பாதித்து வளர்ச்சி நின்றாலும், உரிய வயதில் அது பூக்கத் தொடங்கிவிடும். குறுகிய செடியில் குறைந்த விளைச்சலே மிஞ்சும். அதேபோல, இறுதி வாரங்களில் அடி இலைகள் மஞ்சளாவது இயற்கையான முதிர்வு. அதனைச் சத்துக் குறைவு எனக் கருதி உரமிடுவது பயன் தராது. எனவே செடியின் வயதை அறியாமல் நோயைக் கணிக்க இயலாது.

மலை மாநில விவசாயிகளுக்கு என்ன தொடர்பு?

ஹெம்ப் எனப்படும் தொழிற்பயன்பாட்டுக் கஞ்சாவைப் பயிரிட, நாட்டிலேயே முதலாவதாக 2018-இல் உத்தரகாண்ட் அரசு உரிமம் வழங்கியது. செடியில் டி.எச்.சி. என்னும் போதை தரும் வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஹிமாச்சலப் பிரதேசச் சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடிக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாலம்பூர், நௌனி ஆகிய இடங்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் வாயிலாக முன்னோடி ஆய்வு மேற்கொள்ள அம்மாநில அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

இங்கு பூக்கும் காலம் இருவகைகளில் முக்கியத்துவம் பெறுகிறது. முதலாவது, விளைச்சல். நீண்ட கோடைப் பகலுக்கு ஏற்ப உருவாக்கப்பட்ட ஐரோப்பிய ரகங்கள், மிக நீண்ட பகலும் சுமார் 14 மணி நேரமே உள்ள இமயமலை மாநிலங்களில் உரிய காலத்துக்கு முன்பே பூத்து, தண்டு நீளாமல் நின்றுவிடக்கூடும். இரண்டாவது, சட்ட வரம்பு. டி.எச்.சி. அளவு தழைப் பருவத்தில் குறைவாகவும், பூக்கள் முதிரும்போது அதிகமாகவும் இருக்கும். ஆகவே தழைப் பருவத்தில் வரம்புக்குள் இருந்த பயிர், அறுவடைக்கு முன் வரம்பைத் தாண்டக்கூடும். அமெரிக்காவில் அறுவடைக்கு முந்தைய 30 நாள்களுக்குள் மாதிரி எடுக்கப்பட வேண்டும் என விதி வகுக்கப்பட்டது இதனாலேயே. வரம்பு மீறினால் அந்தப் பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாகும்.

இந்தியச் சட்டம் கூறுவது என்ன?

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதியே 'கஞ்சா' ஆகும். நுனிப் பகுதியுடன் சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. ஆனால் சாகுபடிக்கான தடைக்கு இந்த வேறுபாடு பொருந்தாது. கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் 'கஞ்சா செடி' எனச் சட்டம் வரையறுப்பதால், பூக்காத நாற்றும், போதைத்தன்மை குறைந்த ரகமும் தடைக்கு உட்பட்டவையே.

அனுமதியற்ற சாகுபடிக்கு 20-ஆவது பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். நார், விதை ஆகியவற்றைப் பெறும் தொழில் நோக்கத்துக்கும், தோட்டக்கலை நோக்கத்துக்கும் அரசு ஆணை மூலம் அனுமதி வழங்க 14-ஆவது பிரிவு இடமளிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் வளர்ப்பதற்கு இச்சட்டத்தில் விலக்கு இல்லை.

கஞ்சா செடியின் பருவத்தைக் கணித்தல் இந்தியாவுக்குப் புதிதன்று. பிரிட்டிஷ் அரசு 1893-இல் அமைத்த இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையத்தின் அறிக்கை, வங்காளத்தில் உரிமம் பெற்ற வயல்களில் பூக்கும் தருணத்தில் ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றுவதற்கென்றே 'போதார்' எனப்படும் தேர்ச்சி பெற்றோர் அமர்த்தப்பட்டதைப் பதிவு செய்துள்ளது குறிப்பிடத்தக்கது.