அப்பாவின் மெனு

2018 ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம். இரவு பதினொரு மணி. லேப்டாப் பாஸ்வேர்ட் கேட்டது, போட்டேன். திரை ஒரு விநாடி கறுத்துவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டே கேட்டது. பத்து தடவை போட்டும் அதே கதைதான். மறுநாள் காலை ஊர்க்கூட்டத்தில் அப்பா வாசிக்க வேண்டிய கோயில் வரவு செலவுக் கணக்கு முழுக்க அதற்குள் இருந்தது. "நல்லா இருந்தத எதுக்குடா நோண்டுன?" என்றார் அப்பா. அன்றைக்கு மூன்றாவது முறையாக.

லேப்டாப் என் தங்கச்சியுடையது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. 2 ஜிபி ரேம். விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அவள் அந்தப் பக்கமே போனதில்லை. அவளுக்குக் கல்யாணமான பிறகு அப்பா எடுத்துக்கொண்டார். விண்டோஸ் திறப்பதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலை வந்ததும், நான் லுபுண்டு 18.04 போட்டுக்கொடுத்தேன். அதன் டெஸ்க்டாப் எல்எக்ஸ்டிஇ. கீழே இடது மூலையில் மெனு. அப்பாவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் லேசாக ஆக்குகிறேன் பேர்வழி என்று வேறு டெஸ்க்டாப்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஏற்றி இறக்க முடிகிறது என்பதே விநோதம்தான், இல்லையா? விண்டோஸிலோ மேக்கிலோ டெஸ்க்டாப்பைத் தனியாகக் கழற்றி வைக்க முடியாது. லினக்ஸில் முடிவதற்கான காரணம், லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே எடுத்த ஒரு முடிவு. 1984-ல் எம்ஐடியின் அதீனா புராஜெக்டில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் என்ற விண்டோ சிஸ்டத்தை உருவாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஏற்கனவே டபிள்யூ என்று ஒன்று இருந்தது; அடுத்த எழுத்து எக்ஸ், அவ்வளவுதான் பெயர்க்காரணம். திரையில் வரைவது, மவுஸையும் கீபோர்டையும் கவனிப்பது ஆகியவற்றை எக்ஸ் பார்த்துக்கொள்ளும். விண்டோவுக்குச் சட்டம் எப்படி இருக்கணும், மெனு எங்கே வரணும் என்பதில் அது தலையிடாது. அதை வேறு யாராவது முடிவு செய்துகொள்ளலாம். 1987-ல் வந்த எக்ஸ்11 இந்தக் கொள்கையோடுதான் உலகம் பூராவும் பரவியது.

அதனால் லினக்ஸ் டெஸ்க்டாப் ஒரு அடுக்குப் பாத்திரம் மாதிரி. அடியில் கெர்னல். மேலே எக்ஸ். அதற்கு மேல் பாஸ்வேர்ட் கேட்கும் டிஸ்ப்ளே மேனேஜர். அப்புறம் செஷன், விண்டோ மேனேஜர், பேனல். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றது எல்லாம் கெட்டுவிடாது. அன்றிரவு என்னைக் காப்பாற்றியது இதுதான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தில் லாகின் வந்தது. அதே பாஸ்வேர்ட் வேலை செய்தது. ஆக கெர்னலும் பாஸ்வேர்டும் சரி. முதல் வேலையாக ஒரு பென்டிரைவைச் செருகி அப்பாவின் கணக்கு ஃபைலைக் காப்பி எடுத்தேன். பிறகு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பினாலும் லாகின் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். இடம் இருந்தது. பாஸ்வேர்ட் கேட்கும் படம் வருகிறது என்றால் எக்ஸும் சரி. அந்தத் திரைக்குத் திரும்பிப்போய், எல்எக்ஸ்டிஇக்குப் பதிலாக வெறும் ஓபன்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து நுழைந்து பார்த்தேன். அதுவும் திருப்பி அனுப்பியது. அப்படியானால் டெஸ்க்டாப் மேல் குற்றமில்லை. லாகினுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில்தான் ஏதோ.

ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபைல்களையும் சேர்த்துப் பட்டியல் எடுத்தேன். எக்ஸ்அத்தாரிட்டி என்று ஒரு சின்ன ஃபைல். எக்ஸோடு பேச இவருக்கு அனுமதி உண்டு என்று சொல்லும் சாவி அதில்தான் இருக்கும். அதன் உரிமையாளர் பெயர் 'ரூட்' என்றிருந்தது. சாயங்காலம் நான் பொறுமையிழந்து ஸ்டார்ட்எக்ஸை சூடோ போட்டு ஓட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் வீட்டுச் சாவியை வேறொருவர் பெயருக்கு எழுதிவைத்தது நான்தான். உரிமையாளரை மாற்ற ஒரே ஒரு கமாண்ட். கதவு திறந்தது. மணி ஒன்றரை.

அடுக்குகளின் கதை அது. சரி, மேல் அடுக்குக்கு மட்டும் ஏன் இத்தனை பேர் போட்டியிட்டார்கள்?

1996 அக்டோபரில், ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிக், கே.டி.இ. என்ற திட்டத்தை அறிவித்தார். ஒவ்வொரு அப்ளிகேஷனும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது, ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது, சாதாரண ஆள் எப்படிப் பயன்படுத்துவார் என்பது அவர் ஆதங்கம். தலையிடாத எக்ஸின் மறுபக்கம் இது. அவர் தேர்ந்தெடுத்த கருவி, நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் செய்த க்யூட். நல்ல கருவிதான், ஆனால் அதன் உரிமம் அன்று கட்டற்ற மென்பொருள் உரிமம் கிடையாது. அங்கே வெடித்தது பிரச்சினை. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகேல் தே இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் மாற்றாக க்னோமைத் தொடங்கினார்கள். ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளுக்காகச் செய்த ஜிடிகே அவர்களின் கருவி. 2000-ல் க்யூட் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தபோது சண்டைக்கான காரணம் போய்விட்டது. அதற்குள் இரண்டு ஊர் உருவாகியிருந்தது.

பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே ஃபூர்தான் 1996-லேயே எக்ஸ்எஃப்சிஇயை ஆரம்பித்திருந்தார். பெரிய யூனிக்ஸ் நிறுவனங்கள் விற்ற சிடிஇ என்ற டெஸ்க்டாப்பைப் போல ஒன்றை லினக்ஸில் கொண்டுவரும் முயற்சி. அவர் முதலில் பயன்படுத்திய எக்ஸ்ஃபார்ம்ஸ் திறந்த மூலம் இல்லை என்பதால் ரெட் ஹாட் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1999-ல் ஜிடிகேவுக்கு மாற்றி எழுதினார். இங்கும் உரிமம்தான் வழியைத் திருப்பியது.

பத்து வருஷம் கழித்து வந்த சண்டை வேறு மாதிரி. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளியானது. பழைய மெனு இல்லை, கீழே விண்டோக்களின் வரிசை இல்லை. பழகின ஆட்கள் கொதித்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார் (2013-ல் திரும்பியும் போனார்). க்னோம் 2-ன் கோடை அப்படியே எடுத்து, அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் மாத்தே டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். மாத்தே அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் ஒருவகை இலைப் பானம். அந்த மொத்தக் கலகத்தையும் ஒரு வரியில் சுருக்கினால், அப்பா என்னிடம் கேட்ட கேள்விதான்.

எல்எக்ஸ்டிஇ 2006-ல் தைவானில் ஹோங் ஜென் யீ ஆரம்பித்தது. பிசிமேன் என்ற பெயரில் அறியப்பட்டவர். அவர் எழுதிய சின்ன ஃபைல் மேனேஜர்தான் விதை. அடுத்த வருஷம் அதே தைவானிலிருந்து 512 எம்பி ரேமோடு, ஏழு இன்ச் திரையோடு, ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் வந்தது. லேசான டெஸ்க்டாப்புக்கு ஆள் தேடத் தேவையில்லாமல் போயிற்று. 2012-ல் வந்த ராஸ்பெரி பையிலும் எல்எக்ஸ்டிஇதான் ஏறியது. பிறகு ஜிடிகே 3 பிடிக்காமல், 2013-ல் பிசிமேன் க்யூட் பக்கம் நகர்ந்தார். ரேசர் க்யூட்டி என்ற திட்டத்தோடு இணைந்து எல்எக்ஸ்க்யூட்டி ஆனது. எந்தக் கருவி வேண்டாம் என்று க்னோம் பிறந்ததோ, அந்தக் கருவியிலேயே லேசான டெஸ்க்டாப் குடியேறியது. 2018 அக்டோபரில் லுபுண்டுவும் அதற்கு மாறியது.

2021-ல் அப்பாவின் 18.04-க்கு ஆயுள் முடிந்தது. மறுபடி தேர்வு. இந்த முறை ரேம் கணக்கை முதலில் பார்க்கவில்லை. டெஸ்க்டாப்புகளுக்குள் இருக்கும் ரேம் வித்தியாசத்தை, பிரவுசரில் திறக்கும் நாலைந்து டேப் சாப்பிட்டுவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டது, எந்த டெஸ்க்டாப் தந்ததையும்விடப் பெரிய வேகத்தைத் தந்தது. நீங்களும் பழைய மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்கிறவர்கள் எதை மாற்றாமல் வைத்திருப்பார்கள்? வருஷக்கணக்கில் தோற்றத்தை மெதுவாகவே மாற்றிவந்த எக்ஸ்எஃப்சிஇக்கு என் ஓட்டு விழுந்தது. டெபியன் மேல் போட்டேன். அதன் பேனல் திரையின் மேலே இருந்தது. அதைக் கீழே இழுத்து, மெனுவை இடது மூலையில் வைத்தேன். கணக்கு ஃபைலை டெஸ்க்டாப்பில் பழைய இடத்திலேயே போட்டேன். அந்த வேலைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மவுஸ் நேராக இடது மூலைக்குப் போனது. மெனு திறந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா மாத்துன?"

"ஒண்ணுமே மாத்தலப்பா."