விரலும் அட்டவணையும்

நாகர்கோவில் பக்கம் பாலிடெக்னிக் பையன்கள் ப்ராஜெக்டுக்கென்று வாங்கும் மேக்ஸ்30102 சென்ஸார் நகத்தளவுதான் இருக்கும். விரலை வைத்தால் நாடித்துடிப்பும் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதமும் எண்ணாக வரும். அழுத்தினால் ஒரு எண், லேசாக வைத்தால் இன்னொன்று. 'சென்ஸார் சரியில்ல சார்' என்பான் பையன். அது ஆக்சிஜனை நேராக அளப்பதே இல்லை என்பதுதான் விஷயம்.

சிவப்பொளி, அகச்சிவப்பொளி இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியைப் பிரித்து, இரண்டுக்குமான விகிதத்தைக் கணிக்கிறது. 1974இல் ஜப்பானில் டகுவோ அயோயாகி கண்ட வழி. விகிதத்தை எண்ணாக்குவது ஓர் அட்டவணை. ஆரோக்கியமான சிலரைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரித்தது. ஆக, நம் விரல் யாரோ சிலருடைய விரல்களோடு ஒப்பிடப்படுகிறது. யார் அந்தச் சிலர்?

அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதலின்படி பத்துப் பேர் போதும். அதில் கறுத்த தோலுள்ளவர் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம். கறுத்த தோலில் கருவி பிசகுவதை ஜுப்ரானும் டோபினும் 1990லேயே எழுதியாயிற்று. முப்பது வருஷம் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் மானிடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் 'பாஸ்டன் ரிவ்யூ'வில் — மருத்துவ இதழில் அல்ல, ஒரு கருத்துப் பத்திரிகையில் — எழுதினார். அதைப் படித்த மிஷிகன் டாக்டர்கள் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பரிடம் 11.7. கொரோனாக் காலத்தில் வீட்டிலா ஆஸ்பத்திரியா என்பதை 94 என்ற எண் தீர்மானித்த ஊர் நம்முடையது. நம் தோலின் நிறத்தை யாரும் விசாரிக்கவில்லை.

தென் திருவிதாங்கூருக்கு உடலை அளப்பது புதிதல்ல. நம்பூதிரியிடமிருந்து சாணார் 36 காலடி, புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை சாமுவேல் மேட்டீர் 1871இல் பதிவு செய்கிறார். தொடாமலே அளக்கும் அளவு அது. அப்படித் தள்ளி நிறுத்தப்பட்ட நாடார்களுக்குள்ளிருந்துதான் 108 வர்மமும் கற்று, மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்த ஆசான்கள் பலர் வந்தார்கள். ஆசானிடமும் விகிதம் உண்டு: வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால். அதுவும் அட்டவணைதான். நாடியைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. மூன்று விரலுக்கு ஆக்சிஜன் தெரியாது. ஆனால் ஆசான் 'ராத்திரி ஒறங்கினியா மக்கா' என்று கேட்டுக்கொண்டே பார்ப்பார். கேட்கப்படுகிறவனுக்குப் பதில் சொல்ல இடமிருக்கும்.

2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு 150 பேரைக் கேட்கிறது. நம் பையன்கள் ரிப்போர்ட்டில் 'பத்துப் பேரிடம் சோதித்தோம்' என்று எழுதுகிறார்கள். எந்தப் பத்துப் பேர் என்று கேட்டால், 'ஹாஸ்டல் பயலுவதான் சார்' என்கிறார்கள்.